‘நல்லதையே நினை’ என்று உன்னிடம் சொன்னேன்

அன்புள்ள நடராசா,

கமலாவின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ பட்டறைக்குப் போகிறாய், வருகிறாய், வைத்ததைச் சாப்பிடுகிறாய், ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறாள். குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாயாம். குழந்தை போய் நான்கு மாதம் ஆகிறது. நான் மூன்று நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது பெரிய வயதில்லை என்பார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேசையில் பகலெல்லாம் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தால் இடது கை தோள்வரை கடுக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு வரி எழுதவும் அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியாது. ஏனென்றால் உன் வாயை மூடியதில் எனக்கும் பங்கு உண்டு.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று நீ உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்து நின்று, “போனத நெனைச்சு இன்னா ஆவப்போவுது? நல்லதையே நெனை. எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாய். ஏற்கெனவே கழுவிவிட்டு வந்த கை. சென்னையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது ஊர் நெருங்கும் வரைக்கும் உன் அம்மா என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, “அவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள். நல்லதை நினைத்துத்தான் நான் பிழைத்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். எப்படிப் பிழைத்தேன் என்பதை உனக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் கை போனது உனக்குத் தெரிந்த கதை. பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய மறு வருஷம். உனக்குப் பதினாறு வயது. பஞ்சு சீவும் கார்டிங் மிஷினில் அடைத்துக்கொண்ட பஞ்சை எடுக்கப் போனேன். மிஷினை நிறுத்தச் சொன்னேன், கூட வேலை செய்த முருகேசன் நிறுத்தாமலே நிறுத்திவிட்டதாகச் சொன்னார், கையை விட்டேன், நாலு விரலும் போயின. உனக்கும் உன் அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்னேன். மில்லிலிருந்து வந்து விசாரித்தவர்களுக்கும் இதையேதான் சொன்னேன். முருகேசனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீ ஒரு நாள் மில் வாசலில் அத்தனை பேர் நடுவில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். அவர் உன் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. உன் சிநேகிதர்கள் வந்து என்னிடம் சொன்னபோது, எனக்காகக் கேட்க ஒரு பிள்ளை இருக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுக் கட்டியவர் லூர்து. உனக்கு அவரை நினைவிருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. நெட்டையாக, ஒரு காது மட்டும் கேட்காதவர். சைகோனில் ராணுவ ஆஸ்பத்திரியில் கை கால் போன சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவர். அங்கே ஒரு டாக்டர், விடிந்ததும் எல்லாரையும் ‘நல்லாயிடுவேன், நல்லாயிடுவேன்’ என்று சொல்ல வைப்பாராம். அதையே லூர்து என்னையும் சொல்லச் சொன்னார். “சொன்னா விரல் மொளைச்சுடுமா?” என்று கேட்டேன். “மொளைக்காதுப்பா. அது எனக்குத் தெரியாதா?” என்றார் லூர்து, கட்டைப் பிரித்துக்கொண்டே. “சொல்லாட்டியும் மொளைக்காது. சும்மாதானே கெடக்கிற, சொல்லேன்.” நான் சொன்னேன். இரண்டு மாதம் தினமும் காலையில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குள் கசப்புதான் ஏறியது. நல்லாகிவிடுவேன் என்று வாய் சொல்லும்; நீ அதற்கு யோக்கியதை உள்ளவன்தானா என்று உள்ளே ஒன்று கேட்கும். அதன் பேச்சைக் கேட்காமலிருக்க வாய் இன்னும் வேகமாகச் சொல்லும்.

அந்த நாட்களில்தான் உன் அம்மா அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். என் கையைத் தின்ற மிஷினைத் தாண்டித்தான் அவள் தினமும் உள்ளே போக வேண்டும். ஒரு நாளாவது, “எப்படி இருக்குது வேலை?” என்று நான் கேட்டதில்லை. நீ பள்ளிக்கூடம் கிளம்பும் முன் எனக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டுவிட்டுப் போவாய். ஒரு நாள் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு என் காலரைச் சரிசெய்தாய், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. ஓங்கி அறைந்துவிட்டேன். என் இடது கை தானாக உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். நீ அழவில்லை, அடுத்த பொத்தானையும் போட்டுவிட்டுத்தான் போனாய். மறு வருஷம் மாமாவோடு சென்னைக்கு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, படிப்பு பிடிக்காமல் போகிறாய் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னை அறைந்து இரண்டு மூன்று நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில், கடற்கரைக்குப் போனேன். புயலில் பாதி போய்விட்ட பழைய கப்பல் துறைப் பாலத்தின் முனையில் உட்கார்ந்தேன். எதற்குப் போனேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ‘நல்லாயிடுவேன்’ என்பது அங்கே எனக்கு நினைவுக்கே வரவில்லை. பிள்ளை முகம், பெண்டாட்டி முகம் வந்து தடுத்தது என்று சொல்வார்களே, அதுவும் இல்லை. வெயில் தாங்கவில்லை. கல் சுட்டது. எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான். உயிரோடு இருப்பதற்கு எப்போதும் பெரிய காரணம் வேண்டும் என்றில்லை. கமலாவின் கடிதத்தில் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதை ஓரமாக நடந்துவிட்டு வருகிறாய் என்று ஒரு வரி இருக்கிறது. அவள் அதைச் சாதாரணமாகத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. இனிமேல் அந்தப் பக்கம் தனியாகப் போகாதே. கால் தானாக இழுத்தால் கமலாவையும் கூட்டிக்கொண்டு போ.

லூர்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கட்டு மாற்றும்போது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘நல்லாயிடுவேன்’ சொல்லச் சொல்லவில்லை. கோடு போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘கய்யே’ என்றுதான் சொல்வார், பட்டாளத்துப் பழக்கம். “வலது கை போச்சு. எடது கைக்கு வேலை கத்துக்குடு. தெனம் ஒரு பக்கம் எழுதிட்டு வா” என்றார்.

“இன்னா எழுதறது?”

“அன்னிக்கு நடந்தத எழுது. கடைசி வரியில நல்லதா ஒண்ணு எழுது. ஆனா நெசமா இருக்கணும். பொய்யா எழுதினா நாளைக்குக் கட்ட இறுக்கிக் கட்டிடுவேன்.”

முதல் வாரம் நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை; நண்டு ஊர்ந்த மணல் மாதிரி இருந்தது. எழுதியதெல்லாம் வசவு. மில்லைத் திட்டினேன், முருகேசனைத் திட்டினேன், கடவுளையும் விடவில்லை. கடைசி வரியில் நல்லது என்று எழுத ஒன்றும் அகப்படவில்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். நாற்பது நாளுக்கு மேல் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறேன். லூர்து வாங்கிப் பார்ப்பார். ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. “இந்த ‘லை’ நல்லா வந்திருக்குது” என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கை போனபிறகு நான் சிரித்தது அப்போதுதான். அப்புறம் ஒரு நாள் ‘கிணற்றுத் தண்ணீர் இன்று உப்புக் கரிக்கவில்லை’ என்று எழுதினேன். மழை பெய்து நின்றிருந்தது, தண்ணீர் உண்மையிலேயே இனித்தது. எழுதியபிறகு இன்னொரு சொம்பு மொண்டு குடித்தேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, நடராசா. ஆனால் அதற்கடுத்த நாள், எழுதுவதற்கு என்ன கிடைக்கும் என்று காலையிலிருந்தே கண் தேட ஆரம்பித்தது. தேடினால் ஏதாவது கிடைத்தது. பக்கத்து வீட்டில் வறுத்த மீனின் வாசனை, உன் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம், இப்படித்தான். இல்லாத நாளில் ‘இல்லை’ என்றே எழுதினேன். நல்லதை நினைப்பது என்று நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். நடக்காததை நடக்கும் என்று சொல்லிக்கொள்வது அல்ல. நடந்ததில் பொய் இல்லாமல் ஒன்றைப் பொறுக்கியெடுப்பது. இதை உனக்குச் சொல்லாமல் ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று உன் முன்னால் வந்து நின்றேனே, அதுதான் தப்பு. குழந்தை போனது எதற்கும் நல்லதில்லை.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாது. புண் ஆறி, ஆஸ்பத்திரிக்குப் போவது நின்ற பிறகும் நோட்டு எழுதுவதை நான் விடவில்லை. நீ சென்னைக்குப் போயிருந்தாய். ஒரு நாள் எழுத வேறொன்றும் இல்லாததால் கை போன அன்று நடந்ததை எழுத உட்கார்ந்தேன். இடது கை மெதுவாகத்தான் ஓடும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் யோசிக்க நிறைய நேரம் இருக்கும். ‘முருகேசன் மிஷினை நிறுத்திவிட்டதாகச் சொன்னான்’ என்று எழுத ஆரம்பித்தேன். ‘முருகேசன்’ என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. வாயால் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் நா தடுக்கியதில்லை. எழுத வரவில்லை. பேனாவை மறுபடி மையில் தோய்த்தேன். பிறகு எழுதினேன்: ‘முருகேசன் அங்கே இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும் என்று, மிஷின் ஓடுவது தெரிந்தே நான் கையை விட்டேன்.’

எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஜுரம் மாதிரி உடம்பு வலித்தது. நான்காம் நாள் தவளக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். முருகேசன் அங்கே கடைத்தெரு முனையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மில்லில் பத்து வருஷம் வேலை பார்த்த மனுஷர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்; துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இப்ப எதுக்கு வந்து சொல்ற?” என்றார்.

“மனசு தாங்கல.”

“உன் மனசு தாங்கல. அதுக்கு நான் இன்னா பண்ணணும்?”

மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்றோ, நாலு அறை விடுவார் என்றோ எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் இரண்டும் செய்யவில்லை. “உன் நோட்டுல எழுதுனா எனக்கு இன்னா ஆச்சு? மில்லுல எழுதிக் குடு. என் பேர் போட்டு எழுதிக் குடு” என்று சொல்லிவிட்டு மூட்டைக்குப் போய்விட்டார். நான் இடது கையாலேயே எழுதி, மறுநாள் மில் மானேஜரிடம் கொடுத்தேன். எனக்கு வாசல் காவல் வேலை தருவதாக அதுவரை பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது. முருகேசனையும் அவர்கள் திரும்ப எடுக்கவில்லை. சில மாதம் கழித்து வேறு ஒரு மில்லில் சேர்ந்தார், நான் எழுதிக் கொடுத்ததன் நகலைக் காட்டித்தான் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு நாள் சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் தலை வாரிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “முருகேசன் பொண்டாட்டி என் கூடத்தான் நூல் சுத்துறா. இத்தினி நாளா என்னைப் பாத்தாத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவா. இனிமே நான் குனியணும்.” அன்றைக்கு என் நோட்டில் கடைசி வரி ‘இல்லை’ என்றுதான் இருக்கும், எடுத்துப் பார்க்கவே வேண்டாம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவளை முதன்முதலாகக் கேட்டேன், “மில்லுல எப்படி இருக்குது வேலை?” என்று. அவள் ஒரு மணி நேரம் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நான் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷனானேன். லூர்துதான், இடது கையில் இவ்வளவு சுத்தமாக எழுதுகிறான் என்று சொல்லி ஆஸ்பத்திரிச் சீட்டு மேசையில் உட்கார வைத்தார். போன வருஷம் அவர் மகனோடு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே குளிர் எப்படித் தாங்குகிறாரோ. முருகேசனை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டிக்கொண்டு வந்து என் வரிசையில் நின்றார். பக்கத்து மேசையிலும் ஆள் இருந்தது. என் வரிசையில்தான் நின்றார். வழக்கம்போல, “பேர்?” என்று கேட்டுவிட்டேன். “எழுது. உனக்குத் தெரியாததா?” என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். நீ அடுத்த முறை ஊருக்கு வரும்போது, உனக்கு இஷ்டமிருந்தால், தவளக்குப்பத்துக்கு ஒரு நடை போய்விட்டு வா. அன்று நீ பிடித்த சட்டைக்கு நீ பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நீ போனால் நல்லது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை போவதற்கு முந்தின சாயங்காலம் அதற்கு மூச்சு இரைத்தபோது, மழை கொட்டுகிறது, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீ சொன்னாயாம். கமலா உன்னைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. அன்று அவளும் சரி என்றுதான் சொன்னாளாம். இதைத்தான் நீ வாய்க்குள் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அன்றைக்கே போயிருந்தால் பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எவ்வளவோ பார்க்கிறேன். அன்றைக்கே வந்தும் போன குழந்தைகள் உண்டு, இரண்டு நாள் கழித்து வந்து பிழைத்ததும் உண்டு. உன்மேல் தப்பே இல்லை என்று சொல்லி உன்னை நான் தேற்றப்போவதில்லை. அப்படி ஒரு தடவை தேற்றித்தான் கெடுத்தேன். ஒரு நோட்டு வாங்கு. அந்த நாளை, மழை பிடித்ததிலிருந்து, உள்ளபடி எழுது. மனசுக்குள் வைத்திருக்கும்போது அது ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவில் இருக்கும். காகிதத்தில் இறங்கினால் அதற்கு ஒரே அளவுதான். என் விஷயத்தில் அது நான் பயந்த அளவுக்குப் பெரிதாகவே இருந்தது. உன் விஷயத்தில் சின்னதாக இருக்கலாம். எழுதினால்தான் தெரியும். நல்லது ஒன்று அகப்படாவிட்டால் ‘இல்லை’ என்று எழுது. எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படி எழுது. யாரும் இறுக்கிக் கட்ட மாட்டார்கள்.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். “அவனுக்கு எழுதவும் வரலைன்னா விட்டுடச் சொல்லுங்க. பேசவும் வேணாம். கமலா கொழந்தை பேரைச் சொல்றப்ப எழுந்து போவாம உக்காந்திருக்கச் சொல்லுங்க, அது போதும்” என்கிறாள். சொல்லிவிட்டு, “நீங்களும்தான். எத்தினி பக்கம் எழுதியிருக்கீங்க, ஒரு எடத்துலயாவது பேர் வந்துச்சா?” என்றாள். பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. குழந்தை, குழந்தை என்றே எழுதியிருக்கிறேன். அவள் பெயர் மல்லிகா.

மல்லிகா உங்களோடு இருபது நாள் இருந்தாள். அதை எழுத வேண்டியவர்கள் நீயும் கமலாவும். அதில் நாங்கள் வந்து தங்கிய ஒரு நாள் மட்டும் என் நோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கடைசி வரிகளைக் கீழே எழுதி அனுப்புகிறேன். அன்றைக்கு இதில் எதையும் நான் தேடிப் பொறுக்கவில்லை.

‘இன்று மல்லிகாவை மடியில் போட்டார்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன், பயந்துவிடப் போகிறாளே என்று. அப்புறம் மெல்லக் கொண்டுவந்தேன். பயப்படவில்லை. மிச்சமிருக்கும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.’

உன் அப்பா